நூறு ஆம்பியரும் ஒரு தளர்ந்த பின்னும்: சர்வர் பவர் சப்ளை கேள்வி பதில்

பழைய சர்வரிலிருந்து கழற்றிய பவர் சப்ளையை மைனிங் ரிக்கில் (கிரிப்டோ நாணயம் ஈட்டப் பல கிராபிக்ஸ் கார்டுகளைச் சேர்த்து ஓட்டும் கணினியில்) பயன்படுத்துவது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே சந்தேகத்தை நாலு பேர் கேட்டிருந்தால் ஒன்றாக்கிவிட்டேன். சர்வர் அறைப் பராமரிப்பு என் தொழில். ரிக் கட்டியது என் பைத்தியம். இரண்டிலும் சூடு பட்டிருக்கிறேன்.

கேள்வி: கடையில் நல்ல ஏடிஎக்ஸ் (சாதாரண மேசைக் கணினிக்கான) பவர் சப்ளை கிடைக்கும்போது எதற்கு இந்த இரும்புச் செங்கல்? விலை குறைவு என்பதைத் தவிர வேறு காரணம் உண்டா?

பதில்: உண்டு. கிராபிக்ஸ் கார்டு எடுக்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய முழுவதும் 12 வோல்ட்தான். சர்வர் பவர் சப்ளை 12 வோல்ட்டை மட்டுமே பெரிதாகத் தரும். 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று சக்தியைப் பங்கு போடாது. வருடக்கணக்கில் அணைக்காமல் ஓடுவதற்கென்றே வடிவமைத்தது. திறனும், அதாவது இழுக்கும் மின்சாரத்தில் பயனாக வெளியே வரும் பங்கும், நன்றாக இருக்கும். 80 பிளஸ் பிளாட்டினம் தரச் சான்று உள்ள சர்வர் சப்ளை 230 வோல்ட்டில் பாதி லோடில் 94 சதவீதம் எட்ட வேண்டும். 1000 வாட் வெளியே தர, சுவரிலிருந்து சுமார் 1064 வாட் எடுக்கும். 85 சதவீதத் திறன் உள்ள மலிவு ரகம் அதே வேலைக்கு 1176 வாட் இழுக்கும். வித்தியாசம் 112 வாட். ஒரு நாளுக்கு 2.7 யூனிட் வெறும் சூடாகப் போகிறது. கேமிங்குக்கு இது பொருட்டே இல்லை. நாள் முழுக்க ஓடும் ரிக்கில் இதுதான் கணக்கு.

கெட்டதையும் சொல்லிவிடுகிறேன்: கத்தும், கேபிள் எதுவும் வராது, தப்பாக இணைத்தால் மன்னிக்காது.

கேள்வி: அண்ணா, எச்பி 1200 வாட் ஒன்று வாங்கினேன். பிளக்கில் செருகினால் பச்சை விளக்கு விட்டு விட்டு எரிகிறது. மீட்டர் வைத்தால் 12 வோல்ட்டே இல்லை. செத்ததைத் தலையில் கட்டிவிட்டார்களா?

பதில்: அவசரப்படாதீர்கள் தம்பி. பச்சை விட்டு விட்டு எரிந்தால் பெரும்பாலும் ஸ்டாண்ட்பை நிலையில் இருக்கிறது என்று அர்த்தம். சர்வருக்குள் இருக்கும்போது மதர்போர்டு ‘நீ சரியாகச் செருகப்பட்டிருக்கிறாய், இப்போது ஓடு’ என்று சில பின்கள் வழியாகச் சொல்லும். அந்தச் சொல் வராமல் பெரிய 12 வோல்ட் திறக்காது. அதைச் சொல்வதற்குத்தான் பிரேக்அவுட் போர்டு. பின்பக்க விளிம்பில் செருகினால் ஆன் செய்யும் பட்டனும், வரிசையாக 6-பின் சாக்கெட்டுகளும் கிடைக்கும்.

பேப்பர் கிளிப்பை வளைத்து இரண்டு பின்னைச் சேர்க்கும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். வேண்டாம். பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் ஒரே கம்பெனியின் மாடலுக்கு மாடல் மாறும். 64 பின் உள்ள விளிம்பில் எந்தப் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும் என்பதிலேயே நானும் ஒரு முறை தப்பு செய்திருக்கிறேன். லேபிளில் உள்ள மாடல் எண்ணைப் பார்த்து, அதற்கென்றே செய்த போர்டை வாங்குங்கள். வந்ததும் சொல்லுங்கள்.

கேள்வி: 1200 வாட் என்று எழுதியிருக்கிறது. 900 தாண்டினாலே அணைந்துவிடுகிறது. ஏமாற்று வேலையா?

பதில்: லேபிளை இன்னொரு முறை முழுசாகப் படியுங்கள். இந்த ரகத்தில் இரண்டு வரி இருக்கும்: 100–120 வோல்ட் என்றால் 900 வாட், 75 ஆம்பியர்; 200–240 வோல்ட் என்றால் 1200 வாட், 100 ஆம்பியர். நீங்கள் இருப்பது 120 வோல்ட் நாடாக இருக்க வேண்டும். 115 வோல்ட்டில் 1200 வாட் தர வேண்டுமானால் உள்ளே ஏறக்குறைய 11.6 ஆம்பியர் இழுக்க வேண்டியிருக்கும். பின்னால் இருக்கும் சாதாரண கணினிக் கேபிள் சாக்கெட்டின் சர்வதேச அளவு 10 ஆம்பியர். அதனால்தான் அங்கே கடிவாளம். 2000 வாட்டுக்கு மேற்பட்ட பிளேடு சர்வர் ரகங்களில் சில 200 வோல்ட்டுக்குக் கீழே எழுந்தே இருக்காது. வாங்கும் முன் பாருங்கள்.

கேள்வி: ஆறு கார்டு, ஒவ்வொன்றும் 120 வாட். ஒரு 1200 வாட் போதுமா?

பதில்: 230 வோல்ட் என்றால் தாராளமாக. கார்டுகள் 720, போர்டு, பிராசஸர், ரைசர் (கார்டை மதர்போர்டிலிருந்து தள்ளி வைத்து இணைக்கும் சின்னப் பலகை) இத்யாதிக்கு 80, மொத்தம் 800. மூன்றில் இரண்டு பங்கு லோடு. நான் முக்கால் பங்கைத் தாண்டுவதில்லை. ஆனால் 120 என்பது சாஃப்ட்வேர் காட்டும் எண்ணா, சுவரில் மீட்டர் வைத்து அளந்ததா? சில கார்டுகளில் சாஃப்ட்வேர் சிப்பின் சக்தியை மட்டும் காட்டும். மெமரியும் விசிறியும் அதில் சேராது. மீட்டரை நம்புங்கள்.

கேள்வி: ரைசருக்கு சாட்டா கனெக்டர் கொடுக்கலாமா? ரைசர் பெட்டியிலேயே சாட்டா கேபிள் தந்திருக்கிறார்களே?

பதில்: தந்தது தப்பு. இந்த ஒரு கேள்வியை ஒன்பது பேர் கேட்டிருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சாட்டா பவர் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின். ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர். மொத்தம் 4.5 ஆம்பியர், 54 வாட். ஹார்ட் டிஸ்க்குக்குச் செய்தது. கிராபிக்ஸ் கார்டோ ஸ்லாட் வழியாக 12 வோல்ட்டில் மட்டும் 5.5 ஆம்பியர், அதாவது 66 வாட் வரை எடுக்க அனுமதி உண்டு. எல்லாக் கார்டும் அவ்வளவு எடுப்பதில்லை. அதனால்தான் பலருக்கு மாதக்கணக்கில் ஒன்றும் ஆவதில்லை. அந்த ‘ஒன்றும் ஆகவில்லை’தான் ஆபத்து.

எனக்கு நடந்தது இது. கூடவே வந்த சாட்டா கேபிளைப் போட்டு நாலு மாதம் ஓட்டினேன். ஒரு நாள் காலையில் அறைக்குள் நுழைந்ததும் இஸ்திரிப் பெட்டி துணியைப் பிடித்த மாதிரி ஒரு வாடை. ரிக் ஓடிக்கொண்டிருக்கிறது, எல்லாக் கார்டும் ஹாஷ் (மைனிங் கணக்கு வேகம்) காட்டுகிறது. விரலால் தொட்டுத் தொட்டுப் போனதில் மூன்றாவது ரைசரில் விரல் நிற்கவில்லை. கழற்றினால் வரவில்லை. பிளாஸ்டிக் உருகிப் பின்னோடு ஒட்டியிருந்தது. வெள்ளைப் பிளாஸ்டிக், ஒரு மூலையில் மட்டும் தேன் நிறம், நடுவில் கருப்பு. கம்பியோ சாக்கெட்டோ கெடவில்லை. ஒரே ஒரு பின் தளர்ந்திருந்தது.

ஏன் ஒரு பின் போதும் என்றால், சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு தடையைப் பெருக்கிய அளவு. இறுக்கமான பின்னில் தொடும் இடத்துத் தடை சில மில்லி ஓம். 8 ஆம்பியர் போனாலும் அரை வாட்கூட வராது. அதே பின் தளர்ந்து 50 மில்லி ஓம் ஆனால் 3.2 வாட். அதுதானா என்று தோன்றும். ஆனால் அது தீக்குச்சித் தலை அளவு உலோகத்தில், காற்றே போகாத பிளாஸ்டிக் கூட்டுக்குள் நாள் முழுக்க. சூட்டில் ஸ்பிரிங் இன்னும் தளரும், தடை இன்னும் ஏறும்.

சர்வர் பவர் சப்ளை இதைக் கண்டுகொள்ளாது என்பதுதான் விஷயம். 100 ஆம்பியரையும் ஒரே தடமாகத் தரும் மிருகம் அது. ஒரு கம்பி 20 ஆம்பியரில் எரிந்துகொண்டிருந்தால், அதற்கு அது 20 சதவீத லோடு, அவ்வளவுதான். கம்பி கருகும், சப்ளை அணையாது. எனவே 6-பின் உள்ள ரைசர் மட்டும் வாங்குங்கள், பிரேக்அவுட் போர்டிலிருந்து நேரே 6-பின் கேபிள் கொடுங்கள். 6-பின்னை சாட்டாவாக மாற்றும் அடாப்டர் கையில் இருந்தால் வெட்டிப் போடுங்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: கேபிள் 18 கேஜ் போதுமா, 16 வேண்டுமா? ஒரு 6-பின்னிலிருந்து இரண்டாகப் பிரிக்கலாமா?

பதில்: 16. கேஜ் எண் குறைந்தால் கம்பி தடிமன் என்பது நினைவிருக்கட்டும். மீட்டருக்கு 18 கேஜின் தடை சுமார் 21 மில்லி ஓம், 16 கேஜுக்கு 13. கிராபிக்ஸ் கார்டு இணைப்புக்கான பிசிஐ எக்ஸ்பிரஸ் விதிப்படி 6-பின் 75 வாட், 8-பின் 150 வாட். பிரேக்அவுட் போர்டின் 6-பின்னில் மூன்று கம்பி 12 வோல்ட், மூன்று கிரவுண்ட். 150 வாட் என்றால் கம்பிக்கு நாலு ஆம்பியர் சொச்சம்தான். எனவே 6-பின்னிலிருந்து ஒரு 8-பின் கார்டுக்குக் கொடுப்பது 16 கேஜில் பிரச்சினை இல்லை. அதிலிருந்தே இன்னொரு கார்டுக்கும் பிரித்தால் ஓட்டம் இரட்டிப்பு, சூடு நான்கு மடங்கு. போர்டில் பத்துக்கு மேல் சாக்கெட் சும்மா இருக்கும்போது எதற்குப் பிரிக்க வேண்டும்?

வாங்கும் கேபிளில் செம்பு பூசிய அலுமினியக் கம்பி வருகிறது. நுனியைச் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பி அனுப்புங்கள். (வெள்ளீயம் பூசிய செம்பும் வெளியே வெள்ளையாக இருக்கும், சுரண்டினால் உள்ளே சிவப்பு தெரியும்.)

கேள்வி: மதர்போர்டுக்கு 24-பின் எங்கிருந்து வரும்?

பதில்: 12 வோல்ட்டை வாங்கி 24-பின்னில் நேரே செருகும் சின்ன ‘பிகோ’ வகை போர்டு கிடைக்கும். 5 வோல்ட், 3.3 வோல்ட் இரண்டையும் அதுவே உண்டாக்கும். 12 வோல்ட்டை உள்ளே வந்தபடியே வெளியே விடும். பலவீனமானது, எனவே போர்டில் நேரடியாகக் கார்டு செருகாதீர்கள். எல்லாக் கார்டும் ரைசரில் போகட்டும்.

கேள்வி: என்னிடம் ஏற்கெனவே ஒரு ஏடிஎக்ஸ் இருக்கிறது. போர்டுக்கு அது, கார்டுகளுக்கு சர்வர் சப்ளை. சரிதானே? ரைசரை எதில் கொடுப்பது?

பதில்: கார்டு எதிலோ, அதன் ரைசரும் அதிலேயே. இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. சில கார்டுகளில் ஸ்லாட் வழி வரும் 12 வோல்ட்டும் மேலே செருகும் 12 வோல்ட்டும் உள்ளே ஒன்றாகச் சேரும். இரண்டும் வேறு வேறு சப்ளை என்றால் 12.2 உள்ளது 11.9 உள்ளதற்குள் ஓட்டத்தைத் தள்ளும். அது போகும் வழி உங்கள் கார்டு. முதலில் சர்வர் சப்ளையை ஆன் செய்து, பிறகு போர்டை எழுப்புங்கள். ஓடும்போது எந்த கனெக்டரையும் பிடுங்காதீர்கள்.

கேள்வி: இரண்டு சப்ளையை சீரியலில் போட்டு 24 வோல்ட் எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். பெரும்பாலான சர்வர் சப்ளைகளில் 12 வோல்ட்டின் மைனஸ் உலோகக் கூட்டோடும் எர்த்தோடும் சேர்ந்திருக்கும். சீரியலில் போட்டால் இரண்டாவதன் கூடு 12 வோல்ட்டில் நிற்கப் பார்க்கும், எர்த் வயர் வழியாக நேரே ஷார்ட். எர்த் பின்னை ஒடித்துவிட்டுச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பக்கமே போகாதீர்கள்.

கேள்வி: சத்தம் தாங்க முடியவில்லை. வீட்டில் சண்டை. உள்ளே இருக்கும் விசிறியை மாற்றலாமா?

பதில்: 40 மில்லிமீட்டர் விசிறி நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும்போது சண்டை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். மெதுவான விசிறி போட்டால் இரண்டில் ஒன்று நடக்கும்: சப்ளை விசிறியின் வேகத்தைக் கேட்டுப் பார்த்து அணைந்துவிடும், அல்லது அணையாமல் உள்ளே வெந்துபோகும். அதைவிட, திறக்கவே கூடாது. உள்ளே 400 வோல்ட் அளவில் நிற்கும் கெப்பாசிட்டர் உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கலாம். லோடைக் குறையுங்கள், அறைக் காற்றைக் குளிரவிடுங்கள். விசிறி தானாக இறங்கும். நான் கடைசியில் ரிக்கைத்தான் வெளியே குடிவைத்தேன்.

கேள்வி: ஐந்து சப்ளை வரை ஓடியது. ஆறாவதைச் செருகியதும் எர்த் லீக்கேஜ் பிரேக்கர் விழுந்துவிட்டது. ஒன்று பழுதா?

பதில்: ஒவ்வொன்றாகத் தனியே செருகிப் பாருங்கள். தனியே எதுவும் விழவில்லை என்றால் பழுது இல்லை, கூட்டல்தான் காரணம். ஒவ்வொரு சப்ளையின் உள்ளேயும் இரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர் எர்த்துக்குக் கொஞ்சம் ஓட்டத்தைக் கசியவிடும். பிளக் உள்ள சாதனத்துக்கு 3.5 மில்லி ஆம்பியர் வரை அனுமதி. 30 மில்லி ஆம்பியர் பிரேக்கர் 15-க்கு மேலேயே விழலாம். ஆறு சப்ளையும் தனித்தனி எர்த் லீக்கேஜ் பிரேக்கர் உள்ள வெவ்வேறு சர்க்யூட்டுகளில் பிரிந்து போகட்டும், அதையும் எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள். பிரேக்கரைக் கழற்றிவிட்டு ஓட்டலாமா என்று கேட்கப் போகிறீர்கள். கூடாது.

கேள்வி: பிட்காயின் மைனிங்குக்கென்றே செய்த ஆன்ட்மைனர் எஸ்9, எஸ்19 இயந்திரங்கள் இதில் ஓடுமா?

பதில்: எஸ்9 ஓடும், அது 12 வோல்ட்தான். ஆனால் சுவரில் 1300 வாட் சொச்சம் இழுக்கும் இயந்திரம். ஒற்றை 1200 வாட்டை நெற்றி வேர்வையோடு ஓடவிடாதீர்கள். அதிர்வெண்ணைக் குறையுங்கள், அல்லது இரண்டு சப்ளை வையுங்கள். இரண்டு வைத்தால் ஒரு ஹாஷ்போர்டின் (மைனிங் சிப்புகள் உள்ள பலகையின்) மூன்று கனெக்டரும் ஒரே சப்ளையிலிருந்து வர வேண்டும். எஸ்19 ஓடாது. அதனுடைய சப்ளை 12 முதல் 15 வோல்ட் வரை கன்ட்ரோல் போர்டின் பேச்சைக் கேட்டு ஏறி இறங்கும். நம் செங்கலுக்கு ஒரே ஒரு எண்தான் தெரியும்.

கேள்வி: சார், இதெல்லாம் இப்போது லாபமா?

பதில்: சப்ளையைப் பற்றித்தான் கேட்கச் சொன்னேன், இருந்தாலும் சொல்கிறேன். 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் மைனிங்கையே விட்டுவிட்டது. கிராபிக்ஸ் கார்டுக்காரர்களின் பெரிய வயல் அன்றோடு போயிற்று. மைனிங் செய்கிறவர்களுக்குக் கிடைக்கும் பிட்காயின் பரிசு 2024 ஏப்ரலில் 6.25-லிருந்து 3.125 ஆனது. ஒரு டெராஹாஷ் (லட்சம் கோடி மைனிங் கணக்கு) வேலைக்கு எஸ்9 98 ஜூல் தின்னும், புதிய எஸ்21-க்கு 17.5 போதும். காசு கொடுத்து மின்சாரம் வாங்குகிறவர் கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள். என்னிடம் இப்போது மைனிங்கில் இருப்பது ஒரே ஒரு ரிக், குளிர்காலத்தில் மட்டும், அறையைச் சூடாக்க. மீதி சப்ளைகள் பேட்டரி சார்ஜரையும் எல்இடி பட்டைகளையும் ஓட்டுகின்றன.

கேள்வி: அண்ணா, பச்சை விளக்குக்காரன்தான். பிரேக்அவுட் போர்டு வந்துவிட்டது! விளக்கு நிலையாக எரிகிறது, 12.2 வோல்ட். ஆறு கார்டையும் மாட்டிவிடவா?

பதில்: ஒன்று மட்டும். அரை மணி நேரம் ஓடவிட்டு, பிரேக்அவுட் போர்டு விளிம்பிலிருந்து கார்டு வரை ஒவ்வொரு இணைப்பையும் பிளாஸ்டிக்கின் மேல் புறங்கையால் தொட்டு வாருங்கள். பிறகு அடுத்த கார்டு, மறுபடியும் அரை மணி. எல்லாமே இளஞ்சூடு என்றால் சரி. ஒன்று மட்டும் மற்றதைவிடச் சூடாக இருந்தால் அணைத்துவிட்டு, அந்தக் கேபிளை மாற்றுங்கள், திரும்பவும் அழுத்திச் செருகிப் பார்க்க வேண்டாம்.