வீட்டை அடகு வைக்காதீர்கள், அவளை எம்.எஸ்சி. படிக்க விடுங்கள்

விருதுநகரிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: மகள் பி.எஸ்சி. உயிர்வேதியியல் இரண்டாமாண்டு. இரண்டு முறை நீட் எழுதியாயிற்று. "மூன்றாவது முறை எழுதட்டும், இல்லையென்றால் வீட்டை வைத்து வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்த்துவிடு" என்கிறார் தாய்மாமன். அவளோ ஆன்டிபாடி, புற்றுநோய் செல் என்றே பேசுகிறாள். அதில் பிழைக்க முடியுமா?

உங்கள் பயம் நியாயம்தான் அம்மா. ஆனால் வீட்டுப் பத்திரத்தைத் தொடாதீர்கள். வெளிநாட்டில் படித்துத் திரும்பினாலும் இங்கே தகுதித் தேர்வு எழுத வேண்டும். அத்தனை ஆண்டும் வட்டி கட்டப்போவது நீங்கள்.

அவள் சொல்வது வெறும் ஆசையில்லை. செல் தன் தளத்தைப் பற்றி நிற்க உதவும் புரதங்களில் ஒன்று எஃப்.ஏ.கே. அதன் 397ஆவது இடத்திலுள்ள டைரோசின் என்ற அமினோ அமிலத்தில் பாஸ்பேட் என்ற சிறு வேதிக்குழு ஏறினால் பிடிப்புச் சமிக்ஞை தொடங்கும். புற்றுநோய் பரவுவதை ஆராய்பவர்களுக்கு அந்த ஒரு பாஸ்பேட் இருக்கிறதா என்று தெரிய வேண்டும். அதைத் தேடி ஒட்டிக்கொண்டு காட்டும் புரதமான ஆன்டிபாடியைத் தயாரிப்பதும் சோதிப்பதும் தனித் தொழில்.

பாஸ்பேட் ஏற்றிய பத்துப் பதினைந்து அமினோ அமிலப் பெப்டைடை, அதாவது புரதத்தின் சிறு துண்டை, ஒரு பெரிய புரதத்தோடு இணைத்து முயலுக்குச் செலுத்துவார்கள். முயலின் உடல் அதற்கெதிராக ஆன்டிபாடியை உண்டாக்கும். அது கலந்திருக்கும் இரத்தச் சீரத்திலிருந்து ஆன்டிபாடியைப் பாஸ்பேட் உள்ள பெப்டைடில் பிடித்து எடுத்தபின், பாஸ்பேட் இல்லாத பெப்டைடின் வழியே விடுவார்கள். அங்கே ஒட்டிக்கொள்வது கழிவு. ஒட்டாமல் வெளிவருவதுதான் வேண்டியது.

புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து, தேடும் புரதத்தை ஆன்டிபாடியால் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில்தான் பலர் தவறுகிறார்கள். செல்லை ஐஸ் மேல் வைத்து உடைக்க வேண்டும். 1 மில்லிமோலார் சோடியம் ஆர்த்தோவனடேட் சேர்க்காவிட்டால் பாஸ்பட்டேஸ் நொதிகள் பாஸ்பேட்டை வெட்டிவிடும். அந்த வனடேட்டையும் பி.எச். 10இல் மஞ்சள் நிறம் போகும்வரை கொதிக்கவைத்திருக்க வேண்டும். டிரிப்சின் நொதி போட்டுச் செல்லைத் தட்டிலிருந்து பெயர்த்தால் பிடிப்பு விட்டுப்போய்ச் சமிக்ஞையும் குறையும், அதனால் தட்டிலேயே உடைப்பது நல்லது. ஆன்டிபாடி வேண்டாத இடத்தில் ஒட்டாமல் தடுக்கப் பலர் போடும் பால்பவுடர் கரைசலில் கேசீன் இருக்கிறது. அதுவே பாஸ்பேட் ஏறிய புரதம் என்பதால் பின்னணி கறுக்கக்கூடும். அதற்குப் பதில் 5 சதவீத பி.எஸ்.ஏ. (மாட்டுச் சீரத்தின் அல்புமின் புரதம்) பாதுகாப்பானது.

கடைசியில் நிரூபணம். ஒரு மாதிரியில் லாம்டா பாஸ்பட்டேஸ் போட்டால் எஃப்.ஏ.கே.யின் எடையான 125 கிலோடால்டனில் தெரியும் பட்டை மறைய வேண்டும், பாஸ்பேட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எஃப்.ஏ.கே.யைக் காட்டும் மொத்த எஃப்.ஏ.கே. ஆன்டிபாடியின் பட்டை மட்டும் நிற்க வேண்டும். முதல் பட்டை மறையாவிட்டால் அந்த ஆன்டிபாடி பாஸ்பேட்டைப் பார்க்கவில்லை. அதை நம்பி எழுதும் ஆய்வே பிழையாகும்.

பட்டை வராத நாளில் காரணத்தைத் தோண்டிப் பார்க்கும் பொறுமை உங்கள் மகளுக்கு இருந்தால் எம்.எஸ்சி. சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வுகளான ஜாம் தேர்வின் பயோடெக்னாலஜி தாளுக்கும் காட்-பி தேர்வுக்கும் இப்போதே தயாராகட்டும். எம்.எஸ்சி. முடித்தவர்களை ஆன்டிபாடி நிறுவனங்களின் தரச்சோதனைப் பிரிவும் மருந்து ஆய்வகங்களும் எடுக்கின்றன. தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது, இதை மறைக்க மாட்டேன். சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயோடு பிஎச்.டி. செய்யலாம்.

பல்லாயிரம் கேட்கும் தனியார் பயிற்சிச் சான்றிதழ்களுக்குப் பணம் கட்டாதீர்கள். மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சித் திட்டத்துக்கு அவள் விண்ணப்பிக்கட்டும், அங்கே உதவித்தொகை தருவார்கள். உங்கள் அண்ணனிடம் நீங்களே பேசுங்கள். அவளை முன்னே நிறுத்தாதீர்கள்.