பாதிப் படிப்போடு பல்கலைக்கழகம் மாறுவோருக்கு: கேள்வி பதில்

கிளிநொச்சி: அண்ணா, கொழும்பில் தனியார் நிறுவனமொன்றில் இரண்டு வருடம் கணினி விஞ்ஞானம் படித்துவிட்டேன். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று என் கிரெடிட் (படித்து முடித்த பாடங்களுக்குக் கிடைத்த அலகுகள்) எல்லாவற்றையும் எடுப்பதாகச் சொல்கிறது. நம்பிச் சேரலாமா?

எடுப்பது வேறு தம்பி, பட்டத்துக்குக் கணக்கில் சேர்ப்பது வேறு. மல்லாவித் தங்கச்சி ஒருவர் அமெரிக்கப் பல்கலைக்கழகம் தனக்கு அனுப்பிய கிரெடிட் மதிப்பீட்டுத் தாளைக் காட்டினார். தரவுக் கட்டமைப்பு படித்து நல்ல புள்ளி எடுத்தவர். தாளில் அந்தப் பாடத்துக்கு நேரே அங்குள்ள பாட எண் இல்லை, ‘பொது விருப்பப் பாடம்’ என்றுதான் இருந்தது. கிரெடிட் கிடைத்தது. ஆனால் அதே பாடத்தைக் காசு கட்டித் திரும்பப் படிக்க வேண்டும், அதை முடிக்காமல் மேல் பாடங்களுக்குப் போகவும் முடியாது. மிச்சம் இரண்டு வருடம் என்று போனவர்களுக்கு மூன்று வருடமாவது இப்படித்தான்.

ஒவ்வொரு பாடத்தினதும் விரிவான பாடத்திட்டத்தை இப்போதே உங்கள் நிறுவனத்தில் கேட்டு வாங்குங்கள். அதை அனுப்பி, எது எதற்கு ஈடு என்று எழுத்தில் பெறுங்கள். முற்பணம் அதற்குப் பிறகுதான்.

விசுவமடு: மகள் கலிபோர்னியாவில் கம்யூனிட்டி கொலிஜில் (பட்டப் படிப்பின் முதல் இரண்டு வருடத்தைப் படிக்கும் இடம்) படிக்கிறாள். அடுத்தது எங்கே?

அங்கே வழி தெளிவு அம்மா. அசிஸ்ட் என்ற இணையத்தளத்தில், அவருடைய கொலிஜ் பாடம் அந்த மாநிலத்து அரச பல்கலைக்கழகங்களில் எந்தப் பாடத்துக்கு ஈடு என்று பார்க்கலாம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் வளாகங்கள் நிபந்தனைகளை நிறைவேற்றினால் இடத்தை உறுதிசெய்யும். எல்லாத் துறைக்கும் இல்லை. அதற்கு செப்டெம்பரில் மட்டுமே விண்ணப்பிக்கலாம். பெர்க்லியிலும் லொஸ் ஏஞ்சலஸிலும் அது கிடையாது.

பரந்தன்: எந்த யுனிவர்சிட்டி நல்லது?

எந்தத் துறை, எவ்வளவு காசு, எத்தனை கிரெடிட் என்று எழுதுங்கள்.

மாங்குளம்: ஏன் பிள்ளைகளை வெளியே துரத்துகிறீர்கள்? கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது.

இந்தக் கேள்வி வந்தது நல்லது ஐயா. அங்கே இடம் கிடைத்த பிள்ளை அதை விட்டுவிட்டு வெளியே போகக் கூடாது என்பதுதான் என் எண்ணமும். கல்விக் கட்டணமில்லாத பட்டம் அது. ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி கொஞ்சம் குறைந்ததால் வெளியே நிற்கும் பிள்ளைக்கு என்ன சொல்வது?

புதுக்குடியிருப்பு: மாங்குளத்து ஐயா சொல்வது சரி. வயலை ஈடு வைத்து அனுப்பினாலும் சின்னக் கொலிஜில் படித்த பிள்ளை என்றுதானே சொல்வார்கள்?

பட்டத்தில் இருப்பது கடைசியாகப் படித்து முடித்த பல்கலைக்கழகத்தின் பெயர். கம்யூனிட்டி கொலிஜுக்குப் போவதே முதல் இரண்டு வருடத்தின் செலவைக் குறைக்கத்தான். ஆனால் வயல் என்றதும் எனக்குப் பயம் வருகிறது. எந்தப் பாடத்துக்குச் சமம் என்று எழுத்தில் வராத கிரெடிட்டை நம்பி யாரும் காணி உறுதியைக் கொண்டுபோய் வைக்காதீர்கள். கூடுதலாக வரும் அந்த ஒரு வருடத்தின் செலவை இங்கிருக்கும் குடும்பம் எப்படிக் கட்டும்?

மாங்குளம்: அதைத்தான் நானும் சொல்கிறேன்.

அப்படியானால் நமக்குள் சண்டையில்லை ஐயா.

நெடுங்கேணி: மாமா ரொறன்ரோவில் இருக்கிறார். கனடாவில் ஒரு கொலிஜில் சேர்ந்துவிட்டுப் பிறகு மாறலாம் என்கிறார் ஏஜென்சிக்காரர்.

2024 நவம்பர் 8இலிருந்து, அங்கே நிறுவனம் மாறப் புதிய படிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஏஜென்சிக்காரர் அதைச் சொன்னாரா?

துணுக்காய்: எந்த யுனிவர்சிட்டி நல்லது?

பரந்தனுக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

ஒட்டுசுட்டான்: மூலச் சான்றிதழை ஏஜென்சியிடம் கொடுக்கலாமா?

கூடாது. பிரதி போதும்.

முல்லைத்தீவு: அமெரிக்காவில் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும்போது எஃப்-1 மாணவர் விசாவுக்கு என்ன ஆகும்?

பழைய இடத்தின் சர்வதேச மாணவர் அலுவலகம் உங்கள் செவிஸ் பதிவை (வெளிநாட்டு மாணவர் பற்றிய அரசின் கணினிப் பதிவு) புதிய இடத்துக்கு மாற்றி, அங்கிருந்து விசாவுக்கான ஐ-20 படிவம் புதிதாக வர வேண்டும். பழைய இடத்திலிருந்து பதிவு மாறும் நாளுக்கும் புதிய இடத்தில் வகுப்புத் தொடங்கும் நாளுக்கும் இடையில் ஐந்து மாதத்துக்கு மேல் போகக் கூடாது. அனுமதிக் கடிதம் கைக்கு வந்ததும் அந்த அலுவலகத்துக்குப் போய் மாற்றும் திகதியைப் பேசிக்கொள்ளுங்கள்.