துளிர் வந்தும் செம்பருத்தி ஏன் கருகுகிறது?

கேள்வி: மாடியில் தொட்டியில் செம்பருத்திக் குச்சி நட்டேன். பத்துப் பதினைந்து நாளில் அழகாகத் துளிர்த்தது, அப்புறம் அப்படியே வாடிக் கருகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் ஆகிறது. மண் சரியில்லையா?
– வாசகி, திருச்சி

பதில்: மண்ணாக இருக்காது. துளிர் வந்ததுமே வேர் பிடித்துவிட்டது என்று தொட்டியை வெயிலுக்கு மாற்றியிருப்பீர்கள், பெரும்பாலும் நடப்பது இதுதான். அந்த முதல் இலைகள் குச்சிக்குள் இருக்கும் சேமிப்பை வைத்து வருபவை. கீழே தண்ணீரை உறிஞ்ச வேர் இருக்காது, இலை வழியாக ஈரம் போய்க்கொண்டே இருக்கும், கையிருப்பு தீர்ந்ததும் கருகிவிடும். அதனால் துளிரைப் பார்த்துச் சந்தோஷப்படுங்கள், தொட்டியை மட்டும் நகர்த்தாதீர்கள்!

கொழுந்துக் கிளை அழுகிவிடும், முற்றின கட்டை வேர்விட ரொம்ப நாள் எடுக்கும். பச்சை மாறிப் பழுப்பேறத் தொடங்கிய, பென்சில் கனமுள்ள கிளையாகப் பார்த்து ஒரு சாண் நீளத்துக்கு, கணுவுக்குச் சற்றுக் கீழே புது பிளேடால் சாய்வாக வெட்டுங்கள். மேல்முனையை நேராக வெட்டிவிட்டால் எது தலை எது கால் என்று குழப்பம் வராது, தலைகீழாக நட்ட குச்சி வேர் பிடிக்காது. மொட்டுகளைக் கண்டிப்பாகக் கிள்ளிவிடுங்கள். உச்சியில் இரண்டு இலை போதும், அதையும் பாதியாக நறுக்கிவிடலாம்.

நடும் கலவைக்கு ஆற்று மணலும் கழுவிய கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) சம அளவு. இந்தக் கட்டத்தில் எரு, உரம் எதுவும் வேண்டாம். இரண்டு கணு உள்ளே போகும்படி நட்டு, மேலே பாலித்தீன் கவர் கவிழ்த்து, வெளிச்சம் வரும் நிழலில் 4 முதல் 6 வாரம் விடுங்கள். இழுத்துப் பார்த்தால் அப்போதுதான் வந்த வேர் அறுந்துவிடும். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டம்ளரில் அடியில் ஓட்டை போட்டு நட்டால், வெள்ளை வேர் பக்கவாட்டில் ஓடுவது வெளியிலேயே தெரியும். அதைப் பார்த்த பிறகு கவரைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, முதலில் காலை வெயில் மட்டும் காட்டுங்கள்.

கேள்வி: மல்லிகைக்கும் இதே முறைதானா?
– வாசகர், மதுரை

பதில்: குச்சியிலும் வரும். ஆனால் வீட்டுக்கு ஒன்றிரண்டு செடிதான் வேண்டுமென்றால் பதியன் போடுங்கள், நான் எப்போதும் அதைத்தான் சொல்வேன். தாழ்ந்த கிளையை வளைத்து, ஒரு கணுவுக்கு அடியில் பட்டையை லேசாகச் சீவி, அந்த இடத்தை மண்ணுக்குள் அமுக்கி மேலே கல் வையுங்கள். தண்ணீர் தாய்ச்செடியிலிருந்தே வருவதால் வாடாது. நன்றாக வேர் ஓடிய பிறகு தாய்ப்பக்கம் வெட்டிவிட்டு, சில நாள் அதே இடத்தில் விட்டு, அப்புறம் பெயர்த்து நடலாம்.