புதுக் கடன் வாங்காமல் பழைய கடன்களை ஒன்றாகக் கட்டுவது எப்படி? கேள்வி பதில்

நாலைந்து இடத்தில் சிதறிக் கிடக்கும் கடன்களை, இன்னொரு கடன் எடுக்காமலே ஒழுங்குக்குள் கொண்டுவருவது பற்றி வந்த கேள்விகள் இவை. தொகைகளை வெறும் எண்களாகவே கொடுத்திருக்கிறேன். உங்கள் ஊர் நாணயத்தைப் போட்டுப் படித்துக்கொள்ளுங்கள். சதவீதம் என்று வருவதெல்லாம் ஆண்டு வட்டி.

கேள்வி: சார், கடன் வாங்காமல் கடன்களை எப்படி ஒன்றாக்க முடியும்? புரியவில்லை.

கடன்கள் ஒன்றாவதில்லை, கட்டுவது ஒன்றாகிறது. கட்டும் தேதி, பணம் போகும் கணக்கு, எதை முதலில் அடைப்பது என்ற வரிசை ஆகிய மூன்றும் முழுக்க உங்கள் கையில் இருப்பவை. இவற்றைச் சரிசெய்ய யாருடைய அனுமதியும் வேண்டாம். நான்காவது ஒன்று இருக்கிறது: வட்டி விகிதம். அதைக் குறைக்கக் கடன் கொடுத்தவர் சம்மதிக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் முதல் மூன்றோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் உண்மையான மிச்சம் நான்காவதில்தான்.

கேள்வி: எனக்கு ஒரு கார்டில் 60,000 (36%), இன்னொரு கார்டில் 20,000 (24%), தனிநபர் கடன் 1,20,000 (15%, தவணை 5,818, இன்னும் 24 மாதம்). மாதம் 12,000 ஒதுக்க முடியும். எப்படிப் பிரிப்பது?

தனிநபர் கடன் தவணை 5,818. அதைத் தொட வேண்டாம். சின்னக் கார்டுக்கு மாதம் 1,000 என்று நிலையாக வைத்துவிடுங்கள் (அங்கே கேட்கும் குறைந்தபட்சத் தொகை அதைவிடக் கூடுதலாக இருந்தால் அந்தத் தொகை). மிச்சம் 5,182 முழுவதும் 36% கார்டுக்கு.

இரண்டு கார்டிலும் புதிதாக எதுவும் வாங்கவில்லை என்றால், பெரிய கார்டு 15-வது மாதம் முடியும். அது முடிந்த மாதமே அந்தப் பணம் சின்னக் கார்டுக்குத் திரும்ப வேண்டும். 17-வது மாதம் அதுவும் முடியும். பிறகு 12,000 மொத்தமும் தனிநபர் கடனுக்கு. 20-வது மாதத்தில் மூன்றும் தீரும். மொத்த வட்டி சுமார் 38,000.

இந்தத் திட்டம் உடைவது ஒரே இடத்தில்தான். முதல் கார்டு முடிந்ததும் "இந்த மாசம் 5,000 மிச்சம்" என்று தோன்றும். அது மிச்சமில்லை, அடுத்த கடனின் தவணை. 12,000 என்ற மொத்தம் கடைசி மாதம் வரை குறையக் கூடாது.

கேள்வி: எல்லாரும் சின்னக் கடனை முதலில் அடைக்கச் சொல்கிறார்களே?

மேலே சொன்ன அதே எண்களை வைத்துப் பாருங்கள். பெரிய கார்டுக்கு மாதம் 3,000 மட்டும் கட்டிவிட்டு, 20,000 கார்டை முதலில் முடித்தால், அது 7-வது மாதமே தீர்ந்துவிடும். மொத்தக் கடனும் 21-வது மாதத் தொடக்கத்தில் ஒரு சொற்ப பாக்கியோடு முடியும். கூடுதல் செலவு சுமார் 2,000. அவ்வளவுதான்.

ஆக, வரிசை பற்றி இணையத்தில் நடக்கும் சண்டைக்கு இந்தக் கணக்கில் மதிப்பு 2,000. சீக்கிரம் ஒன்று முடிந்தால்தான் மனசு நிற்கும் என்பவர்கள் தாராளமாகச் சின்னதிலிருந்து ஆரம்பிக்கலாம். அதே நேரம், 36% கார்டின் வட்டியை 18 ஆகக் குறைக்க முடிந்தால், மாதம் அதே 5,182 கட்டி 13-வது மாதம் முடிக்கலாம். அந்த ஒரு கார்டில் மட்டும் வட்டி 14,800-லிருந்து 6,400-க்கு இறங்கும். மிச்சம் 8,400. வரிசையை யோசிக்கும் நேரத்தில் பாதியை இதற்குச் செலவிடுங்கள்.

கேள்வி: மேடம், வட்டியைக் குறைக்கச் சொன்னால் குறைப்பார்களா? என்ன கேட்பது, யாரிடம் கேட்பது?

எல்லோருக்கும் குறைக்க மாட்டார்கள். ஆனால் கேட்காதவருக்கு நிச்சயம் குறைக்க மாட்டார்கள். சாதாரண வாடிக்கையாளர் சேவையில் இருப்பவருக்குப் பெரும்பாலும் அந்த அதிகாரம் இருக்காது. "பணக் கஷ்டத்தில் இருக்கும் வாடிக்கையாளர்களைக் கவனிக்கும் பிரிவுக்கு மாற்றுங்கள்" என்று முதலிலேயே சொல்லுங்கள்.

போன் செய்யும் முன் ஒரு தாளில் இவை இருக்கட்டும்: கணக்கு எண், இப்போதைய பாக்கி, வருமானம் முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு, வாடகை, உணவு, மருந்து போன்ற தவிர்க்க முடியாத செலவு, எல்லாக் கடன்களின் பட்டியல், உங்களால் மாதம் கட்டக்கூடிய தொகை. கடைசி எண் இல்லாமல் பேசினால் அவர்கள் ஒரு எண் சொல்வார்கள், நீங்கள் தலையாட்டுவீர்கள், மூன்றாவது மாதம் தவறும்.

"ஏதாவது பார்த்துச் செய்யுங்கள்" என்று கேட்காதீர்கள். "12 மாதத்துக்கு வட்டியை 18 சதவீதமாக்குங்கள், போன இரண்டு தாமதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யுங்கள், மாதம் 5,182 தானியங்கிப் பற்றில் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று மூன்றையும் குறிப்பாகச் சொல்லுங்கள். தானியங்கிப் பற்று (குறித்த நாளில் உங்கள் கணக்கிலிருந்து பணம் தானாகவே போவது) என்ற வார்த்தை அவர்களுக்குப் பிடிக்கும். பணம் வரும் என்ற உறுதி அதில் இருக்கிறது.

ஒப்புக்கொண்டால் கார்டை முடக்குவார்களா, கடன் அறிக்கையில் (நீங்கள் கடன் கட்டிய வரலாற்றைக் காட்டும் பதிவு) எப்படிப் பதிவாகும், ஒரு தவணை தவறினால் பழைய வட்டி திரும்புமா என்ற மூன்றையும் கேளுங்கள். எழுத்தில் வந்த பிறகே முதல் தவணை. பேசியவர் பெயர், நாள், புகார் எண் மூன்றையும் குறித்து வையுங்கள்.

நேரமும் முக்கியம். தவணை தவறுவதற்கு முன் பேசுவதே நல்லது. கணக்கு வசூல் ஏஜென்சிக்குப் போய்விட்டால் பேச வேண்டிய ஆளே மாறிவிடுவார்.

கேள்வி: 12,000 எல்லாம் எனக்குச் சாத்தியமில்லை. அதே மூன்று கடன், கையில் 6,000தான் நிற்கும்.

தனிநபர் கடன் தவணை மட்டுமே அதைத் தின்றுவிடும். இந்த நிலையில் யார் அதிகம் கத்துகிறாரோ அவருக்குக் கட்டுவதுதான் வழக்கமாக நடக்கிறது. அது வேண்டாம். பாக்கியின் விகிதத்தில் பிரியுங்கள். மொத்தம் 2,00,000-ல் பெரிய கார்டு 30%, தனிநபர் கடன் 60%, சின்னக் கார்டு 10%. ஆக 1,800, 3,600, 600. மூவருக்கும் ஒரே வரவு செலவுக் கணக்கை அனுப்பி, "எல்லோருக்கும் ஒரே விகிதம்" என்று எழுதுங்கள். அடுத்தவனுக்கு மட்டும் கூடுதலாகப் போகவில்லை என்று தெரிந்தால் ஒப்புக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 60,000-க்கு 36% என்றால் ஒரு மாத வட்டியே 1,800. நீங்கள் கட்டும் 1,800-ல் அசல் இம்மியும் குறையாது. எனவே குறைந்த தவணையை மட்டும் கேட்காமல், வட்டியை நிறுத்தி வைக்கவும் அல்லது குறைக்கவும் சேர்த்துக் கேளுங்கள். இல்லாவிட்டால் ஆண்டுக்கணக்கில் கட்டியும் நின்ற இடத்திலேயே நிற்பீர்கள்.

வீடு, வண்டி, நகை அடமானம் உள்ள கடனை இந்த விகிதப் பிரிப்பில் சேர்க்க வேண்டாம். அதை வழக்கம் போல் கட்டிவிட்டு, மிச்சத்தைத்தான் பிரிக்க வேண்டும். ஜாமீன்தாரர் உள்ள கடன் என்றால், தவணையைக் குறைக்கும் முன் அவரிடம் சொல்லிவிடுங்கள். கடன் கொடுத்தவர் அடுத்து போன் போடுவது அவருக்குத்தான்.

கேள்வி: மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையைச் சரியாகக் கட்டுகிறேன், பாக்கி அசையவே மாட்டேன் என்கிறதே?

பாக்கி குறையக் குறைய அந்தக் குறைந்தபட்சமும் குறைகிறது, அதனால்தான். 1,00,000 பாக்கி, 36% வட்டி, குறைந்தபட்சம் பாக்கியில் 5% என்று வையுங்கள். அவர்கள் கேட்பதை மட்டும் கட்டினால் 31 மாதம் கழித்தும் சுமார் 51,000 நிற்கும். அதற்குப் பதில் மாதம் 5,000 என்று நிலையாகக் கட்டினால் அதே 31 மாதத்தில் கடன் தீர்ந்துவிடும். முதல் மாதம் இரண்டும் ஏறக்குறைய ஒரே தொகைதான்! தானியங்கிப் பற்றில் "குறைந்தபட்சத் தொகை" என்று தேர்ந்தெடுத்திருந்தால், இன்றே "நிலையான தொகை" என்று மாற்றுங்கள்.

இன்னொன்று: பாக்கி வைத்திருக்கும் கார்டில் பெரும்பாலும் வட்டியில்லாக் காலம் கிடைக்காது. புதிதாக வாங்கும் பொருளுக்கு வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். அந்தக் கார்டை எடுக்காதீர்கள்.

கேள்வி: தேதிகளை எப்படி ஒன்றாக்குவது? எனக்கு 3, 11, 19, 27 என்று நாலு தேதி.

ஒவ்வொரு நிறுவனத்திடமும் கெடு தேதியை மாற்றக் கேளுங்கள். பலரும் மாற்றித் தருவார்கள். சம்பளம் வந்து மூன்று நாள் கழித்து வரும் தேதி நல்லது. சம்பளம் ஒரு நாள் தள்ளினாலும் விடுமுறை வந்தாலும் தப்பிக்கலாம். தேதியைப் பின்னுக்குத் தள்ளும் மாதத்தில் அந்தக் கூடுதல் நாட்களுக்கும் வட்டி வரும், அதைப் பார்த்துப் பதறாதீர்கள்.

பிறகு கடனுக்கென்றே தனிக் கணக்கு. அதில் டெபிட் கார்டு வேண்டாம். சம்பளம் வந்த அன்றே மொத்தத் தொகை அங்கே போக வேண்டும், எல்லாத் தானியங்கிப் பற்றும் அங்கிருந்தே நடக்க வேண்டும். ஒரு தவணைக்குச் சமமான தொகை எப்போதும் அதில் கிடக்கட்டும். பணமில்லாமல் பற்று திரும்பினால் வங்கியும் அபராதம் போடலாம், கடன் கொடுத்தவரும் போடலாம்.

கடன் கொடுத்த வங்கியிலேயே இந்தக் கணக்கைத் திறக்காதீர்கள். தவணை தவறினால் உங்கள் கணக்கிலிருந்தே எடுத்துக்கொள்ளும் உரிமையைப் பல வங்கிகள் ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருக்கும்.

கேள்வி: வங்கியே கூப்பிட்டுத் தவணைக் காலத்தை நீட்டித் தருகிறேன் என்கிறது. இது புதுக் கடன் இல்லையே, எடுக்கலாமா?

1,20,000, 15%. 24 மாதம் என்றால் தவணை 5,818, மொத்த வட்டி சுமார் 19,600. 48 மாதம் என்றால் தவணை 3,340, வட்டி சுமார் 40,300. தவணை 43% குறைகிறது, வட்டி இரட்டிப்பாகிறது. 36% கார்டு ஒன்று எரிந்துகொண்டிருக்கும்போது, மிச்சமாகும் 2,478-ஐ மாதாமாதம் அங்கே போடுவதாக இருந்தால் கணக்கு நியாயமாகலாம். அப்போதும், பின்னால் முன்கூட்டி அடைக்க அபராதம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான். சும்மா மூச்சுவிட என்றால் வேண்டாம்.

கேள்வி: கடன் ஆலோசனை நிறுவனம் மூலம் ஒரே தவணையாகக் கட்டும் திட்டம் நம்பத்தக்கதா?

நல்லவை இருக்கின்றன. நீங்கள் மாதம் ஒரு தொகை தருவீர்கள், அவர்கள் எல்லோருக்கும் பிரித்துக் கட்டுவார்கள், வட்டிக் குறைப்பையும் அவர்களே பேசுவார்கள். இப்படிப்பட்ட திட்டங்கள் வழக்கமாக மூன்றிலிருந்து ஐந்து ஆண்டு ஓடும், அதில் சேர்த்த கார்டுகள் மூடப்படும். லாப நோக்கில்லாத அமைப்பா, கட்டணம் எவ்வளவு, கடன் கொடுத்த ஒவ்வொருவரும் எழுத்தில் ஒப்புக்கொண்டார்களா என்று பாருங்கள். முதல் சில மாதம் ஒவ்வொரு கணக்கிலும் பணம் போய்ச் சேர்ந்ததா என்று நீங்களே சரிபாருங்கள். அவர்கள் தாமதித்தாலும் அபராதம் உங்களுக்குத்தான்.

"யாருக்கும் கட்டாதீர்கள், பணத்தை எங்களிடம் போடுங்கள், பாதிக்கு முடித்துத் தருகிறோம்" என்பது வேறு வியாபாரம். முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: செட்டில்மென்ட்?

அதாவது பாக்கியைவிடக் குறைந்த ஒரு தொகையைப் பேசிக் கட்டி, கணக்கை முடித்துக்கொள்வது. அந்தத் தொகை மொத்தமாகக் கையில் இருந்து, கணக்கும் ஏற்கெனவே வாராக்கடன் நிலைக்குப் போயிருந்தால் மட்டும் யோசிக்கலாம். கடன் அறிக்கையில் "முழுதாகக் கட்டி முடித்தது" என்று வராது, "குறைத்து முடித்தது" என்று வரும். அடுத்து கடன் கேட்கும்போது அது உறுத்தும். சில நாடுகளில் தள்ளுபடியான தொகை வருமானமாகக் கருதப்பட்டு வரியும் உண்டு. தொகை, கடைசி நாள், "இதற்கு மேல் பாக்கி இல்லை" என்ற வாசகம் மூன்றும் உள்ள கடிதம் வராமல் ஒரு காசும் போகக் கூடாது.

கேள்வி: கார்டு பாக்கியை இன்னொரு கார்டுக்கு மாற்றுவது கடன் கணக்கில் வருமா?

புதுக் கார்டு எடுத்தால் அது புதுக் கடன்தான், பெயர் வேறு. ஏற்கெனவே உள்ள கார்டில் சலுகை வந்தால் கணக்குப் போடுங்கள். 60,000-க்கு 3% கட்டணம் 1,800; அதாவது 36% கார்டின் ஒரு மாத வட்டி. 12 மாதம் வட்டியில்லை என்றால் மாதம் 5,150 கட்ட வேண்டும். அந்தத் தொகை உங்களால் முடியாதென்றால், 13-வது மாதம் சலுகை முடிந்து முழு வட்டி வந்து உட்காரும். மாற்றிய பிறகு காலியான பழைய கார்டைத் தேய்ப்பவர்கள்தான் இதில் கெடுகிறார்கள்.

கேள்வி: "12% ஃபிளாட்" என்று ஒரு கடன் இருக்கிறது. இதை வரிசையில் கடைசியில் வைக்கலாமா?

வேண்டாம். ஃபிளாட் வட்டி ஆரம்பத் தொகைக்கே கடைசி வரை போடப்படுகிறது. மூன்று ஆண்டுக் கடனில் 12% ஃபிளாட் என்பது குறையும் பாக்கிக்கான கணக்கில் சுமார் 21%. அந்த எண்ணை வைத்து வரிசைப்படுத்துங்கள்.

கேள்வி: பல ஆண்டுக்கு முன்பு விட்டுப்போன கடனுக்கு இப்போது போன் வருகிறது. இதையும் திட்டத்தில் சேர்க்கவா?

உடனே சேர்க்காதீர்கள். பல நாடுகளில் பழைய கடனுக்கு வழக்குப் போடக் காலவரம்பு உண்டு. "சும்மா 500 போடுங்கள்" என்று கேட்பார்கள். அந்தச் சின்னத் தொகையோ, "கட்டிவிடுகிறேன்" என்று எழுதும் ஒரு செய்தியோ, காலவரம்பைத் திரும்ப முதலிலிருந்து ஓட வைக்கலாம். கடன் யாருடையது, எவ்வளவு, கடைசியாகக் கட்டியது எப்போது என்று ஆவணம் கேளுங்கள். அதுவரை ஒப்புக்கொள்ளவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். ஆவணம் வந்ததும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

கேள்வி: ஒரு கார்டை முழுதாகக் கட்டிவிட்டேன். இனி அதை மறந்துவிடலாமா?

இன்னும் இரண்டு மாதம் மறக்காதீர்கள். ஸ்டேட்மென்ட் போட்ட நாளுக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் நடுவில் ஓடிய வட்டி அடுத்த ஸ்டேட்மென்டில் சின்னத் தொகையாக வரும். பார்க்காமல் விட்டால் அதற்குத் தாமதக் கட்டணம் ஏறி, கடன் அறிக்கையில் தவறிய தவணையாகவும் விழலாம். பாக்கி பூஜ்ஜியம் என்று ஒரு ஸ்டேட்மென்ட் வந்த பிறகு தானியங்கிப் பற்றை ரத்து செய்து, பாக்கி இல்லை என்ற கடிதத்தை வாங்கிக்கொள்ளுங்கள். சில வாரம் கழித்துக் கடன் அறிக்கையை எடுத்து அந்தக் கணக்கு எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். தவறாக இருந்தால், திருத்தக் கேட்கும்போது இணைக்க வேண்டியது அந்தக் கடிதம்தான்.