பகலில் திறந்து கிடக்கும் கேட்

கேள்வி: எங்கள் மகனுக்குப் பத்து மாதம். தவழ்கிறான், பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறான். மாடிப்படியின் மேல்முனையில், இரண்டு பக்கச் சுவருக்கும் நடுவில் திருகி இறுக்கும் இரும்புக் கேட் போட்டிருக்கிறோம். வாரா வாரம் தளர்ந்துவிடுகிறது, கணவர்தான் இறுக்குகிறார். மரக் கேட் வாங்கினால் உறுதியாக இருக்குமா? எவ்வளவு உயரம் வேண்டும்? கூடுதலாக ஒரு பூட்டு மாட்டலாமா? பகலில் மாமியார்தான் அவனைப் பார்த்துக்கொள்கிறார். அவருக்கு அந்தத் தாழ்ப்பாளைத் திறக்க வராததால் பகலில் கேட்டைத் திறந்தே வைத்துவிடுவோம். எந்தக் கேட் நல்லது?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: மரமா இரும்பா என்பது பிறகு. 'பகலில் திறந்தே வைத்துவிடுவோம்' என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். குழந்தை விழித்துக்கொண்டு வீடு முழுக்கத் தவழ்வது பகலில்தானே? அப்படியானால் உங்கள் வீட்டுக் கேட் அவன் தூங்கும்போது மட்டும் காவல் காக்கிறது. இதற்கு மேல் ஒரு பூட்டு எதற்கு?

'அவருக்குத் திறக்க வராததால்' என்ற சொல்லும் எனக்குப் பிடிக்கவில்லை. காலையிலிருந்து மாலை வரை குழந்தையை ஒருவர் கையில் ஒப்படைத்துவிட்டு, அந்தக் கைக்குத் திறக்காத ஒரு தாழ்ப்பாளை வாங்கி மாட்டியது நீங்களும் உங்கள் கணவரும். வாங்குமுன் ஒருமுறையாவது அவரைத் திறந்து பார்க்கச் சொன்னீர்களா? சொன்னதாக எழுதவில்லை. பகலில் குழந்தை யார் பொறுப்போ, கேட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் அவருக்குத்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கேட் தளர்வதும் தாழ்ப்பாள் திறக்காததும் இரண்டு தொல்லைகளாக உங்களுக்குத் தோன்றுகின்றன. இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம். இந்த வகைக் கேட்டில் நான்கு மூலையிலும் ரப்பர் முனை வைத்த திருகுகள் இருக்கும். பெட்டியிலிருந்து எடுத்தவுடன் கதவுக்கும் தாழ்ப்பாளுக்கும் நடுவே ஓர் இடைவெளி தெரியும். பழுதான பொருள் என்று பலர் திருப்பி அனுப்புவது இதைப் பார்த்துத்தான். திருகுகளை இறுக்க இறுக்கச் சட்டம் உள்ளே நெருங்கி அந்த இடைவெளி மூடும். மேல் திருகுகளை அளவுக்கு மிஞ்சி முறுக்கினால் தாழ்ப்பாள் அதன் பள்ளத்தில் சிக்கிக்கொள்ளும். உங்கள் கணவரின் கை பலத்துக்கு அது திறக்கும், மூட்டு வலிக்கும் விரலுக்குத் திறக்காது. நாலு நாளில் குழந்தை பிடித்து ஆட்டியே அதைத் தளர்த்திவிடுவான், மறுபடி முறுக்குவார். இப்படித்தான் வாரம் போகிறது.

அதற்காகத் திருகைச் சரியாக இறுக்குவது எப்படி என்று சொல்லித்தரப் போவதில்லை. இந்த வகைக் கேட்டைப் படிக்கட்டின் மேல்முனையில் வைக்கவே கூடாது. சுவரில் அழுத்தி மட்டும் நிற்பது, பாரம் விழுந்தால் பெயர்ந்துகொண்டு போகும். அப்போது குழந்தையும் கேட்டும் சேர்ந்தே உருளும். அதோடு, அதன் அடியில் குறுக்கே ஒரு சட்டம் தரையோடு ஓடுகிறது. குழந்தையை இடுப்பில் வைத்திருப்பவருக்குத் தன் பாதம் தெரியாது. கால் தடுக்கினால் விழுவது படிகளில். கேட்டைத் திறந்து வைத்திருக்கும்போதும் அந்தச் சட்டம் அங்கேயேதான் கிடக்கிறது. உங்கள் மாமியார் தினம் எத்தனை தடவை அதைத் தாண்டுகிறார் என்று எண்ணிப் பாருங்கள்.

மேல்முனைக்குச் சுவரில் ஸ்க்ரூ போட்டு மாட்டும் கேட்தான் வேண்டும், அடிச்சட்டம் இல்லாததாக. மரமானாலும் இரும்பானாலும் சரி. கம்பிகள் செங்குத்தாக இருக்க வேண்டும், குறுக்குக் கம்பி இருந்தால் ஏணியாகிவிடும். இடைவெளி 6 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. உயரம் குழந்தையின் உயரத்தில் முக்கால் பங்காவது இருக்கட்டும். கதவு மாடித் தளத்தின் பக்கமாகத் திறக்க வேண்டும். படிகளின் மேல் திறந்தால், திறப்பவர் அதன் பின்னாலேயே சாய நேரிடும். இரு பக்கமும் திறக்கும் கேட் என்றால், படிப்பக்கம் போகாமல் தடுக்கும் முட்டுத் துண்டு பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். பலர் அதை மாட்டாமலே விட்டுவிடுகிறார்கள்.

வாங்குமுன் அகலத்தை மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் அளந்து, குறைந்த அளவை எடுத்துக்கொள்ளுங்கள். சுவரின் அடியில் தரையை ஒட்டி ஓடும் பட்டை (ஸ்கர்ட்டிங்) இருந்தால் கீழ் அளவு குறையும், மேல் பக்கம் அதே கனத்தில் ஒரு மரத்துண்டு வைத்துச் சமன் செய்ய வேண்டியிருக்கும். செங்கல், கான்கிரீட் சுவர் என்றால் துளை பூச்சைத் தாண்டி உள்ளே போக வேண்டும், ஸ்க்ரூ பிடிக்கத் துளையில் செருகும் பிளக் பூச்சில் மட்டும் நின்றால் சீக்கிரமே ஆடும். பலகைச் சுவர் என்றால் உள்ளே மரச்சட்டம் ஓடும் இடத்தைத் தேடி அதில்தான் ஸ்க்ரூ போட வேண்டும். ஒரு பக்கம் படிக்கட்டின் கைப்பிடித் தூண் உருண்டையாக இருந்தால் அதற்கென்று கிளாம்ப் கிடைக்கிறது. கயிறு கட்டிச் சமாளிக்காதீர்கள்.

இனி தாழ்ப்பாள். கட்டைவிரலால் பின்னுக்குத் தள்ளி மேலே தூக்குவது, இருபுறமும் சேர்த்து அமுக்கித் தூக்குவது, காலால் மிதிப்பது என்று பல வகை. குழந்தை திறக்காமலிருக்கவே இரண்டு செய்கை வைத்திருக்கிறார்கள். விரல் நுனியால் சேர்த்து அமுக்கும் வகை, பிடி குறைந்த கைக்குச் சிரமம். மாமியாரைக் கடைக்கு அழைத்துப் போங்கள். இடது கையில் பத்து கிலோ பையை வைத்துக்கொண்டு நீங்கள் திறந்து பாருங்கள், பை இல்லாமல் அவர் திறந்து பார்க்கட்டும். ஒன்றுக்குப் பத்து தடவை. பத்தாவது தடவையும் அவர் கை நோகாமல் திறந்து மூடினால் அதை வாங்குங்கள். விட்டால் தானே மூடிக்கொள்ளும் கதவு நல்லது, ஆனாலும் 'க்ளிக்' சத்தம் கேட்டதா என்று பார்ப்பதை விடக் கூடாது. உங்கள் கணவர் அவசரத்துக்குக் கேட்டைக் காலைத் தூக்கித் தாண்டுகிறவர் என்றால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். பையன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

பழைய கேட்டைத் தூக்கிப் போட வேண்டாம். படிக்கட்டின் கீழ்முனையில், முதல் படியை ஒட்டி, நடுவில் அவன் ஏற இடம் விடாமல் வையுங்கள். அங்கும் வாரம் ஒருமுறை ஆட்டிப் பார்க்க வேண்டும். அவன் 90 செ.மீ. உயரம் வந்தாலோ, இரண்டு வயதைத் தொட்டாலோ, அதற்கு முன்பே ஏறத் தொடங்கினாலோ இரண்டையும் கழற்றிவிடுங்கள்.

புதியது மாட்டும்வரை பகலில் குழந்தையும் மாமியாரும் கீழ்த்தளத்திலேயே இருக்கட்டும். அவனுடைய துணி, விளையாட்டுச் சாமான், படுக்கை எல்லாவற்றையும் இன்று இரவே நீங்களும் கணவருமாகக் கீழே இறக்கி வையுங்கள்.