கம்பஸ் முடித்துவிட்டு வேலை தேடுகிறேன், வீட்டில் யாருக்கும் இதைப் பற்றித் தெரியாது. வழிகாட்டி ஒருவர் உண்மையிலேயே தேவையா? யாரையும் தெரியாதவர்கள் எப்படித் தேடுவது?

இந்தக் கேள்வியை வாசித்துவிட்டுப் பேசாமல் போக முடியவில்லை. நீங்கள் ஊர் கிளிநொச்சி என்று மட்டும்தான் போட்டிருக்கிறீர்கள். ஆனால் ‘வீட்டில் யாருக்கும் தெரியாது’ என்ற இடத்திலேயே எனக்கு மிச்சம் விளங்கிவிட்டது. உங்கள் குடும்பத்தில் கம்பஸுக்குப் போன முதல் ஆள் நீங்களாகத்தான் இருக்க வேண்டும். அனுமதி கிடைத்த நாளில் சந்தோஷப்பட்ட அயலவர்கள் இப்போது “இன்னும் ஒண்டும் சரிவரேல்லையோ?” என்று கேட்பார்கள். பிழையாக ஊகித்திருந்தால் மன்னியுங்கள், நான் என் கதையை வைத்துத்தான் சொல்கிறேன்.

எனக்குத் தர்மபுரம். வவுனியாவில் முகாமைத்துவம் படித்தேன். அது 2021இல்தான் தனிப் பல்கலைக்கழகமானது, நாங்கள் படிக்கும்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகம். 2019இல் கொழும்பில் ஒரு நிறுவனம் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டது. கிளிநொச்சியில் இரவு பஸ் ஏறி, விடியும் முன்பே புறக்கோட்டையில் இறங்கினேன். கோட்டை ரயில் நிலையக் கழிப்பறையில்தான் சேலை கட்டினேன். நிலமெல்லாம் தண்ணீர், ஃபைலை வைக்க இடமில்லை. அதைப் பல்லால் கடித்துக்கொண்டு கொய்யகம் மடித்தேன்.

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் என் சீவியை (சுயவிபரக் கோவையை) புரட்டிவிட்டு, “ஓ.எல். ஒரு வருடம் பிந்தி எடுத்திருக்கிறீர்கள், முதல் முறை பெயிலா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் 2009இல் எழுத வேண்டிய சாதாரண தரச் சோதனை அது. அந்த வருடம் நாங்கள் எங்கே இருந்தோம் என்று வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. செட்டிகுளம் முகாமில் இருந்துகொண்டே சோதனை எழுதிய பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களைக் கும்பிட வேண்டும். என்னால் புத்தகத்தைத் திறக்கவே முடியவில்லை. 2010இல் எழுதினேன். இதை அந்த அறையில், ஆங்கிலத்தில், எவ்வளவு சொல்வது? எங்கே நிறுத்துவது? சத்தம் வரவில்லை, அழுகைதான் வந்தது. கேட்டவரை நான் குறை சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் இப்படி ஒரு கேள்வி வரலாம் என்று நான்கு வருடத்தில் ஒருவராவது எனக்குச் சொல்லியிருக்கலாம். தொழில் வழிகாட்டல் கருத்தரங்குகளுக்கு ஒன்றுவிடாமல் போனேன். தன்னம்பிக்கை வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். என் சீவியை ஒருவர் கையில் வாங்கிப் பார்க்கவில்லை.

வாங்கிப் பார்த்தது எனக்கு மூன்று பட்ச் முந்திய ஓர் அக்கா. வவுனியா பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரியில் இருந்தோம். பென்சிலை எடுத்து, நான்கு பக்கச் சீவியில் அப்பாவின் தொழில், சமயம், ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில், வலைப்பந்து எல்லாவற்றையும் ஒவ்வொரு கோடாக வெட்டிக்கொண்டு வந்தார். கடைசிப் பக்கத்தில் நின்றார். நுண்கடன் எடுத்த பெண்களைப் பற்றிய என் இறுதி வருட ஆய்வு அதில் ஒரு வரியாகக் கிடந்தது. எத்தனை வீடு போனாய் என்று கேட்டார். அறுபது வீடு, சைக்கிளில், தனியாகத்தான் என்றேன். “அறுபது வீடு ஏறி இறங்கிக் கணக்கு எழுதினதைக் கொண்டுபோய் ஏனடி கடைசியில ஒளிச்சு வச்சிருக்கிறாய்? இது முதல் பக்கத்துக்கு வரட்டும்” என்றார்.

அப்புறம் 2009. “அழுறதெண்டா இப்ப எனக்கு முன்னால அழு, அங்க போய் அழாத” என்றார். அழுதேன். பிளேன்டீ ஆறிப்போனது. பிறகு இரண்டு வசனம் எழுதித் தந்தார்: ‘2009இல் நாங்கள் இடம்பெயர்ந்து முகாமில் இருந்ததால் அடுத்த வருடம் பரீட்சை எழுதினேன். முதல் தடவையிலேயே சித்தியடைந்தேன்.’ இதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்ல வேண்டியதில்லை என்றார். குரல் நடுங்காமல் வரும்வரை திருப்பித் திருப்பிச் சொல்ல வைத்தார்.

அதற்குப் பிறகும் இரண்டு நேர்முகத்தில் தோற்றேன், மூன்றாவதில்தான் வேலை கிடைத்தது. ஆகவே வழிகாட்டி இருந்தால் வேலை நிச்சயம் என்று நான் சொன்னதாக யாரும் எடுக்க வேண்டாம். இது சிபாரிசுக்கு ஆள் பிடிக்கிற வேலை என்று எழுத வருபவர்களுக்கும் சொல்கிறேன், அந்த அக்கா எனக்காக ஒருவருக்கும் ஒரு கோல்கூட எடுக்கவில்லை.

அரச வேலைக்குக் காத்திருப்பதா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வீட்டில் கேட்பார்கள். நான் அரச வேலைக்கு எதிரானவள் இல்லை. ஒன்றை மட்டும் என்னால் மறக்க முடியாது. 2020இல் மாதம் 20,000 ரூபா கொடுப்பனவோடு பட்டதாரிப் பயிலுனர் நியமனம் வந்தபோது, ஊழியர் சேமலாப நிதியில் பெயர் இருந்தவர்களை, அதாவது ஏற்கெனவே ஏதாவது தனியார் வேலையில் இருந்தவர்களை, ஒதுக்கினார்கள். என்னோடு படித்த ஒருத்தி ஒரு கடையில் ஐந்து மாதம் கணக்கு எழுதியிருந்தாள். அப்பா இல்லாத வீடு, அந்தச் சம்பளத்தில்தான் தம்பி படித்தான். அவளின் பெயர் பட்டியலில் வரவில்லை. வீட்டில் சும்மா இருந்திருந்தால் வந்திருக்கும்! இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது. அதைப் பார்த்துப் பயந்து, முதலாளியிடம் ‘எனக்குச் சேமலாப நிதி போட வேண்டாம்’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழித்தால் முதலாளி 12 வீதம் போட வேண்டும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கும் அவர்தான் இன்னும் 3 வீதம் போட வேண்டும். அது உங்கள் காசு.

சரி, எப்படித் தேடுவது? பெரிய பதவியில் இருப்பவர்களிடம் போகாதீர்கள். உங்கள் துறையில் படித்து மூன்று நான்கு வருடம் முந்தி வெளியேறியவர்கள் போதும், வேலை தேடிய அலைச்சல் அவர்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கும். உங்கள் ஆய்வை மேற்பார்வை செய்த விரிவுரையாளரிடம் கேட்டால் இரண்டு பெயராவது சொல்வார். அப்படியே அவரைச் சீவியில் நடுவராக, அதாவது உங்களைப் பற்றி விசாரித்தால் சொல்லக்கூடிய ஆளாக, போட அனுமதியும் கேளுங்கள். நான் கேட்காமலே கிராம அலுவலரின் பெயரைப் போட்டிருந்தேன். ‘எனக்கு வழிகாட்டியாக இருங்கள்’ என்று எழுதினால் ஆள் பயந்துவிடும். நான் அந்த அக்காவுக்கு எழுதியது இவ்வளவுதான்: ‘அக்கா, நான் உங்களுக்கு மூன்று பட்ச் ஜூனியர், தர்மபுரம். கொழும்பில் ஒரு நேர்முகத்தில் அழுதுவிட்டு வந்தேன். என் சீவியை ஒரு அரை மணித்தியாலம் பார்த்துச் சொல்வீர்களா? நான் வவுனியாவுக்கு வருகிறேன்.’

மூன்றாம் நாள் பதில் வந்தது. ‘சனிக்கிழமை மூன்று மணிக்கு வா. போனில காட்டாத, அச்செடுத்துக் கொண்டு வா.’