வீட்டில் ஒரு டிஜிட்டல் பியானோ: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பொழுதுபோக்காகப் பியானோ பழகும் வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்த இடங்களில் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: 50 வயதைக் கடந்த பிறகு பியானோ கற்கத் தொடங்கியிருக்கிறேன். 61 கட்டைகள் கொண்ட கீபோர்டு போதுமா, 88 கட்டைகள் கட்டாயம் வேண்டுமா?

கட்டைகள் எத்தனை என்பதற்கு முன்னால் அவை எப்படி அழுந்துகின்றன என்பதைப் பாருங்கள். 1700ஆம் ஆண்டையொட்டி இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி உருவாக்கிய இந்தக் கருவியின் பெரும் புதுமையே அழுத்தத்தில்தான் இருந்தது. அதற்கு முன்பிருந்த ஹார்ப்சிகார்டில் கட்டையை எப்படி அழுத்தினாலும் கம்பி ஏறக்குறைய ஒரே அளவில்தான் மீட்டப்படும். அவருடைய கருவியிலோ சிறு சுத்தியல் ஒன்று கம்பியைத் தட்டியது, விரல் விரைந்து இறங்க இறங்க ஒலியும் உரத்தது. மென்மை, வலிமை என்னும் பொருள் தரும் இரண்டு இத்தாலியச் சொற்கள் சேர்ந்துதான் பியானோஃபோர்ட்டே என்ற பெயரே உண்டாயிற்று. எந்தக் கட்டையைத் தொடுவது என்பதைச் சில மாதங்களில் கற்றுவிடலாம். அதை எந்த வேகத்தில் இறக்குவது என்பதற்குத்தான் ஆண்டுகள் பிடிக்கும்.

இலேசான கீபோர்டுகளில் கட்டைக்கு அடியில் ஸ்பிரிங் இருக்கும். அது தொடக்கத்தில் எளிதாக இறங்கும், கீழே போகப்போக எதிர்க்கும். பியானோவில் இதற்கு நேர்மாறு: நடுப்பகுதிக் கட்டை ஒன்றை மெதுவாக இறக்க ஏறத்தாழ 50 கிராம் எடை தேவைப்படும், சுத்தியல் கிளம்பிவிட்டால் அந்தக் கனம் தானே கரைந்துவிடும். ஸ்பிரிங் கட்டையில் ஓராண்டு பழகிய விரல்கள் இந்தக் கனத்தை முதன்முதலாகச் சந்திக்கும்போது திகைத்துப்போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே இடம் இருந்தால் சுத்தியல் கனமுள்ள 88 கட்டைகளை வாங்குங்கள். இடம் இல்லையென்றால் ஸ்பிரிங் வைத்த 88 கட்டைகளைவிடச் சுத்தியல் கனமுள்ள 73 கட்டைகளே மேல், ஏனெனில் முதல் ஓரிரு ஆண்டுகளில் நீங்கள் வாசிக்கும் பாடங்கள் ஐந்து ஸ்தாயிகளைத் தாண்டுவது அரிது. விவரத்தாளில் ‘ஹேமர் ஆக்ஷன்’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். ‘செமி வெயிட்டட்’ என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் ஸ்பிரிங்தான்.

கேள்வி: கடையில் மூன்று மணி நேரம் நின்றும் முடிவெடுக்க முடியவில்லை. ஒன்றில் 500 ஒலிகள், ஒன்றில் 256 பாலிஃபனி, ஒன்றில் நூறு தாளங்கள். எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

விவரத்தாளை மடித்து வைத்துவிட்டு இருக்கையில் அமருங்கள். ஒலியளவை முழுவதும் குறைத்துவிட்டுச் சிறிது நேரம் வாசியுங்கள். அப்போது காதில் விழுவது கட்டைகள் அடியில் முட்டும் ஓசை மட்டுமே. நல்ல கட்டை ‘தொம்’ என்று அமுங்கி நிற்கும். மட்டமானது ‘டக்’கென்று பலகையில் தட்டும். வீட்டில் நாள்தோறும் கேட்கப்போகும் ஓசை இது.

பிறகு ஒலியளவைக் கூட்டிவிட்டு, நடுவிலுள்ள ஒரு கட்டையை ஒலியே எழாத அளவுக்கு மிக மெதுவாக இறக்குங்கள். கம்பியுள்ள பியானோவில் அப்படிச் செய்தால் சுத்தியல் கம்பியைத் தொடாமலே திரும்பிவிடும்; நல்ல டிஜிட்டல் பியானோவும் மௌனமாகவே இருக்கும். அடுத்த முறை இம்மியளவு வேகம் கூட்டுங்கள். அந்த எல்லையில், மூச்சு விடுவதுபோல் ஒரு மெல்லிய ஸ்வரம் எழ வேண்டும். மௌனத்திலிருந்து நேரே நடுத்தர ஒலிக்குத் தாவும் கருவியை, அதில் வேறு என்ன வசதி இருந்தாலும், விட்டுவிடுங்கள்.

அடுத்து, இரண்டு கறுப்புக் கட்டைகளுக்கு நடுவே விரலை நுழைத்து, வெள்ளைக் கட்டையை அதன் உள்முனையில் அழுத்திப் பாருங்கள். கட்டை ஒரு நெம்புகோல். அதன் அச்சு அருகில் இருக்கும் கருவிகளில் உள்முனை கல்லைப்போல் கனக்கும். அதன் பிறகு, ஒரே கட்டையை முழுவதும் மேலே எழவிடாமல் பாதியிலிருந்தே திரும்பத் திரும்ப அழுத்துங்கள். கட்டையின் அசைவை உணரும் சென்சார் இரண்டு மட்டும் உள்ளவற்றில் சில தட்டுகள் விட்டுப்போகும். மூன்று சென்சார் உள்ளவை பிடித்துக்கொள்ளும். கடைசியாக, கீழ்ஸ்தாயியில் ஒரு ஸ்வரத்தை அழுத்திப் பிடித்து அது தேய்ந்து மறையும்வரை பொறுமையாகக் கேளுங்கள். உண்மையான பியானோவில் அந்த ஒலி வினாடிக்கு வினாடி நிறம் மாறிக்கொண்டே அடங்கும். பியானோ ஒலியின் குறுகிய பதிவைக் கொண்டு செய்த கருவியில் ஒரே துண்டு வட்டமடிப்பது காதுக்குப் புலப்பட்டுவிடும்.

பாலிஃபனி என்பது ஒரே நேரத்தில் எத்தனை ஒலிகளைக் கருவி தாங்கும் என்ற கணக்கு. விரல்கள் பத்துதானே என்று நினைக்க வேண்டாம்; பெடலை மிதித்திருக்கும்போது முன்பு வாசித்தவையும் ஒலித்துக்கொண்டே இருப்பதால் எண்ணிக்கை விரைவில் ஏறும். 128 இருந்தால் தாராளம். அதற்கு மேல் 192, 256 என்று போவதன் வேறுபாடு தனியாகப் பியானோ மட்டும் வாசிப்பவர் காதுக்கு எட்டாது. 500 ஒலிகளில் நீங்கள் ஓராண்டுக்குப் பிறகும் பயன்படுத்தப்போவது மூன்றோ நான்கோதான்.

கேள்வி: புளூடூத் ஹெட்போனில் வாசித்தால் ஒலி பின்தங்கி வருகிறது. கருவியில் குறையா?

கருவியில் குறையில்லை. புளூடூத் வழியாக ஒலி செல்லும்போது அது சுருக்கப்பட்டு, அனுப்பப்பட்டு, மீண்டும் விரிக்கப்படுகிறது. இதற்குப் பொதுவாக 100 முதல் 200 மில்லி வினாடிகள் ஆகும். படம் பார்ப்பவருக்கு இது பொருட்டல்ல. வாசிப்பவருக்கோ விரல் ஓரிடம், ஒலி ஓரிடம் என்றாகி, தாளமே கையை விட்டு நழுவும். கம்பி வைத்த ஹெட்போனைத்தான் பயன்படுத்த வேண்டும். கருவியின் துளை 6.3 மி.மீ., ஹெட்போன் முனை 3.5 மி.மீ. என்று இருந்தால் ஸ்டீரியோ அடாப்டர் ஒன்று போதும். காதை முழுவதும் அடைக்காத திறந்த வகை ஹெட்போனில் ஒலி விரிந்து கேட்கும், நெடுநேரம் வாசித்தாலும் காது வேகாது. ஒலியளவைப் பாதிக்கு மேல் கூட்டாமல் பழகுங்கள்: வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவருக்கு 80 டெசிபல் என்பதே உலக சுகாதார நிறுவனம் கூறும் பாதுகாப்பு எல்லை, அதைவிட உரக்கக் கேட்டால் பாதுகாப்பான நேரம் வேகமாகச் சுருங்கிவிடும்.

உங்கள் கருவியில் ‘புளூடூத் மிடி’ என்றிருந்தால் அது வேறு. அதில் ஒலி செல்வதில்லை. எந்தக் கட்டை, எவ்வளவு வேகம் என்ற குறிப்பு மட்டுமே கைபேசிச் செயலிக்குப் போகிறது.

கேள்வி: ஹெட்போன் போட்டுத்தான் இரவில் வாசிக்கிறேன். ஆனாலும் கீழ்வீட்டார் ‘தொம் தொம்’ என்று கேட்பதாகச் சொல்கிறார்கள். எப்படி?

அவர்கள் சொல்வது உண்மை. கட்டை அடியில் முட்டும் ஒவ்வொரு முறையும் அந்த அதிர்வு ஸ்டாண்ட் வழியாகத் தரைக்கு இறங்கி, கீழ்வீட்டுக் கூரையில் ஒலியாக மாறுகிறது. மேல்மாடியில் யாரோ குதிகாலால் நடப்பதைப்போல் அவர்களுக்குக் கேட்கும். உங்கள் காதை ஹெட்போன் மூடியிருப்பதால் உங்களுக்கு அது தெரிவதில்லை. ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் அடர்த்தியான தடித்த ரப்பர் விரிப்பு போடுங்கள், பெடலையும் அதன் மேலேயே வையுங்கள், கருவியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். இவை அதிர்வைக் குறைக்கும். முழுவதும் அறுத்துவிடும் என்று உறுதி சொல்ல மாட்டேன்.

கையிலும் ஒரு மாற்றம் உண்டு. கட்டை இறங்கும் ஆழம் ஏறத்தாழ 10 மி.மீ.தான், ஒலி அதன் அடியைத் தொடுவதற்குச் சற்று முன்பே பிறந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நீங்கள் செலுத்தும் பலம் முழுவதும் பலகைக்கும் தரைக்கும்தான் போகிறது. ஒலி எழுந்த கணத்திலேயே விரலைத் தளரவிடப் பழகினால் கீழ்வீட்டாருக்கும் நல்லது, உங்கள் மணிக்கட்டுக்கும் நல்லது.

கேள்வி: புதிய பெடல் தலைகீழாக வேலை செய்கிறது. காலை எடுத்தால் ஒலி நீள்கிறது, மிதித்தால் நிற்கிறது.

பெடலின் துருவம் உங்கள் கருவி எதிர்பார்ப்பதற்கு மாறாக இருக்கிறது. கருவியை அணைத்து, பெடலைச் செருகி, கால் படாமல் மீண்டும் இயக்குங்கள். பல கருவிகள் இயங்கத் தொடங்கும்போதுதான் துருவத்தைக் கண்டுகொள்கின்றன. அப்படியும் சரியாகவில்லையென்றால் பெடலின் அடிப்பக்கத்தில் சிறிய சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: பத்து ஆண்டுகள் பயன்படுத்திய டிஜிட்டல் பியானோ ஒன்று குறைந்த விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

88 கட்டைகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்த பிறகு வாங்கலாம். இதை அடிபட்டுத்தான் கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன்பு நான் வாங்கிய ஒரு பழைய கருவியில் எனக்குத் தெரிந்த பாடல் ஒன்றை வாசித்துப் பார்த்துவிட்டு மகிழ்ச்சியோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அன்று இரவு மெதுவாக வாசிக்க உட்கார்ந்தபோது, மேல்ஸ்தாயியில் ஒரு கட்டை மட்டும் எவ்வளவு மென்மையாகத் தொட்டாலும் அலறியது. கட்டைக்கு அடியிலுள்ள ரப்பர் தொடுமுனை தேய்ந்திருந்தது. அந்த முனைகள்தான் வேகத்தை அளக்கின்றன. அவை தேய்ந்தாலோ தூசு படிந்தாலோ கட்டை அலறும், அல்லது ஊமையாகும்.

எனவே இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை ஒரே மென்மையில் ஒருமுறை, ஒரே வலிமையில் ஒருமுறை வாசியுங்கள். பக்கத்திலுள்ளவற்றைவிட உரத்தோ, மங்கியோ, ‘கடக்’ என்ற ஓசையோடோ ஒலிக்கும் கட்டைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓரிரண்டு என்றால் பழுதுபார்க்கலாம்; அதற்கு முன்பு அந்த மாதிரிக்கு உதிரிப்பாகம் இன்னும் கிடைக்கிறதா என்று தயாரிப்பாளரிடம் கேளுங்கள். ஒலியளவுக் குமிழைத் திருப்பும்போது கரகரக்கிறதா என்றும், மின் அடாப்டர் கருவியோடு வந்ததுதானா என்றும் பாருங்கள். பொருந்தாத மின்னழுத்தமோ துருவமோ கொண்ட அடாப்டர் கருவியையே கெடுத்துவிடும்.

கேள்வி: வீட்டில் டிஜிட்டல் பியானோவில் தவறின்றி வாசிக்கிறேன். ஆசிரியர் வீட்டிலுள்ள கம்பிப் பியானோவில் அமர்ந்தால் எல்லாம் கலைந்துவிடுகிறது.

இந்தக் கடிதத்தை மனம் நெகிழ்ந்து படித்தேன், ஏனெனில் இதில் பெரும்பாலும் உழைப்பின் குறையே கிடையாது, அமைப்பின் குறைதான். முதல் காரணம் ஒலியளவுக் குமிழ். அதைத் தாழ்த்தி வைத்து வாசிப்பவர் கேட்கும் ஒலி போதாமல் தம்மை அறியாமலே கட்டைகளை அடிக்கிறார். உயர்த்தி வைப்பவர் வருடுகிறார். இரண்டிலும் காதுக்கும் விரலுக்கும் உள்ள ஒப்பந்தம் பொய்யாகிவிடுகிறது. அடுத்த வகுப்பில், ஆசிரியரின் பியானோவில் இயல்பாக ஒரு ஸ்வரத்தை ஒலிக்கச் செய்து அந்த உரத்தைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் அதே அழுத்தத்துக்கு அதே உரம் வரும்படி குமிழை வைத்து, அந்த இடத்தில் சிறு புள்ளி இட்டுவிடுங்கள். ஹெட்போனுக்கு வேறொரு புள்ளி.

இரண்டாவது, கருவியிலுள்ள ‘டச்’ அமைப்பு. லைட், மீடியம், ஹெவி என்ற மூன்றில் லைட்டில் வைத்திருந்தால் மீடியத்துக்கு மாற்றுங்கள். கட்டையின் கனம் இதனால் மாறாது. குறிப்பிட்ட வேகத்துக்கு எவ்வளவு உரம் என்ற கணக்கு மட்டும் மாறும். 1983இல் வந்த மிடி முறையில் இந்த வேகம் 1 முதல் 127 வரையிலான எண்ணாகப் பதிவாகிறது. கருவியைக் கணினியோடு இணைத்து, ஒரே வரியைப் பதிவுசெய்து அந்த எண்களைப் பாருங்கள். எல்லாம் 60க்கும் 70க்கும் இடையே முட்டிக்கொண்டு நின்றால், மென்மையும் வலிமையும் உங்கள் வாசிப்பில் இன்னும் பிரியவில்லை என்று பொருள். எதிரொலி சேர்க்கும் ‘ரிவெர்ப்’ வசதியைப் பயிற்சியின்போது அணைத்துவிடுங்கள், அது பெடல் தவறுகளை மூடி மறைக்கிறது. பெடலும் வெறும் சுவிட்சாக இல்லாமல் பாதி மிதியை உணர்வதாக இருக்கட்டும்.

மூன்றாவது உயரம். கட்டைகளின் மேற்பரப்பு தரையிலிருந்து ஏறத்தாழ 72 முதல் 75 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். முழங்கை கட்டைகளின் மட்டத்திலோ சற்று மேலோ நிற்கும்படி இருக்கையை உயர்த்திக்கொள்ளுங்கள். உணவு மேசையின் மேல் கருவியை வைத்துச் சாப்பாட்டு நாற்காலியில் அமர்பவருக்குக் கை மேல்நோக்கி ஏறிவிடும். அந்தக் கை வேறு பியானோவைச் சந்திக்கும்போது தடுமாறத்தான் செய்யும். ஆடும் ஸ்டாண்டும் இதே தீங்கைச் செய்கிறது.

கேள்வி: பராமரிப்பு என்ன? சுருதி சேர்க்க வேண்டுமா?

கம்பியே இல்லாததால் சுருதி சேர்க்கும் வேலை இல்லை. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே நடு ‘ஏ’ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸ் என்ற பொதுச் சுருதியில் நிற்கும். வேறு கருவியோடு சேர்ந்து வாசிக்க வேண்டியிருந்தால் அமைப்பில் சற்றே ஏற்றவோ இறக்கவோ செய்யலாம். நேர்வெயில் படும் சன்னலோரத்தில் வைக்காதீர்கள். கட்டைகளை நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த மெல்லிய துணியால், உள்ளிருந்து உங்களை நோக்கி, ஒவ்வொன்றாகத் துடையுங்கள். ஸ்பிரேயும் ஆல்கஹாலும் வேண்டாம். இடி மின்னலின்போது அடாப்டரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். தூசுக்குத் துணி உறை போதும். ஆனால் கருவியை உறையோடு அலமாரியில் ஏற்றிவைக்காமல், ஹெட்போனும் பெடலும் செருகியபடியே ஸ்டாண்டில் இருக்கவிடுங்கள். உறையை விலக்கியதும் வாசிக்க முடிகிற கருவியில்தான் பத்து நிமிட ஓய்விலும் கை வைப்பீர்கள்.